நடுச்சுவர்

2025 பெப்ரவரி 11, மத்திய கிழக்கு விமான நிலையம் ஒன்று. இழுவை வண்டி இழுத்துச் சென்ற விமானத்தின் இறக்கை, நின்றிருந்த இன்னொரு விமானத்தின் வால்பகுதியைக் கிழித்தது. நின்றிருந்த விமானத்தினுள் துப்புரவு வேலையில் இருந்த இருவரில் ஒருவர் இறந்தார்.

இருவரும் இலங்கையின் பதுளை ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில், ஒரே சுவரைப் பகிரும் வரிசை வீடுகளான லயத்தில், அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள். ஜீவனும் துஷாந்தும் அடுத்தடுத்த கழிப்பறைகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது கதவுகள் நசுங்கி இறுகின. விமான எரிபொருளின் மண்ணெண்ணெய் நெடி நிறைந்தது. லயத்தில் அடுத்த வீட்டைக் கூப்பிடும் பழக்கத்தில் துஷாந்த் நடுத்தட்டியில் தட்டினான். இரண்டு தட்டு, சற்று விட்டு ஒன்று. ஜீவன் பதிலுக்குத் தட்டிக்கொண்டே இருந்தான். வெகுநேரம் கழித்து அந்தப் பக்கம் அடங்கியது. அதன் பிறகுதான் ஆட்கள் வந்தார்கள்.

ஊர் திரும்பியவனிடம் துஷாந்தின் தாய் இராக்கம்மா ஒன்றுதான் கேட்டாள்.

“புள்ள ரொம்ப நேரம் கஷ்டப்பட்டுச்சாப்பா?”

“இல்லங்க அத்த. ஒடனே முடிஞ்சிருச்சு.”

அதை நம்பித்தான் அவள் மறுபடி சாப்பிடத் தொடங்கினாள்.

ஒரு ஞாயிறு பிற்பகல். லயத்துச் சனம் பசறை நகருக்குப் போயிருந்தது. பனிமூட்டம் வாசல்வரை இறங்கியிருந்தது. அடுத்த வீட்டு இராக்கம்மா தன் கதவைப் பூட்டிவிட்டு ஜீவனின் வீட்டுக்குள் வந்தாள்.

“ஏம்ப்பா, பொழுதன்னைக்கும் செவுத்தத் தட்டிக்கிட்டே இருக்க? கொழுந்தெடுத்த ஒடம்பு, நா தூங்க வேணாமா?”

“நீங்கதான தட்டுறீங்க, அத்த?”

“எனக்கென்ன கிறுக்கா?”

அவளுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

மண்ணெண்ணெய் நெடி வந்தது. அடுப்பில் விறகுதான் எரிந்துகொண்டிருந்தது.

நடுச்சுவர் தட்டப்பட்டது.

இரண்டு. சற்று விட்டு ஒன்று.

சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டின் சாவி இராக்கம்மாவின் கையில் இருந்தது.

“எம் மகன்,” என்று கிசுகிசுத்தாள். “தேத்தண்ணி கேக்க இப்புடித்தான் தட்டுவான்.”

“அங்கயும் இப்புடித்தான் தட்டுனான்.” சொன்ன பிறகே ஜீவன் வாயைப் பொத்திக்கொண்டான்.

“ஒடனே முடிஞ்சிருச்சுன்னியேப்பா.”



அவள் தன் வீட்டைத் திறக்க வாசற்கதவுக்கு ஓடினாள். திறக்கவில்லை. இருவருமாக இழுத்தார்கள். அசையவில்லை.

சுவரில் தட்டல் வேகமானது.

பிறகு தளர்ந்தது.

பிறகு அடங்கியது.

கதவு தானாகத் திறந்தது.

இராக்கம்மா தன் வீட்டைத் திறந்து பார்த்தாள். யாரும் இல்லை. கதவின் உட்புறத்தில் மரம் விரல் தடங்களாகச் சுரண்டப்பட்டிருந்தது.

அன்றிலிருந்து அவள் வீட்டைப் பூட்டுவதில்லை. நடுச்சுவரில் சத்தமும் இல்லை.

இப்போது ஜீவனின் வாசற்கதவு வெளியிலிருந்து தட்டப்படுகிறது: இரண்டு, சற்று விட்டு ஒன்று. அவன் கதவைத் திறப்பதில்லை. இராக்கம்மா ஜன்னல் வழியே சோறு கொடுக்கிறாள்.