செத்துப்போன மேனேஜரின் மெயில் பெட்டி

மாடியேறி அந்த அறைக்குள் நுழைந்ததுமே தலைவலித் தைலத்தின் வாடை மெயில் சர்வர் பார்ப்பவனின் மூக்கில் ஏறியது. ஜன்னல்கள் சாத்தியே கிடந்தன. பட்டப்பகலிலும் அந்த அறைக்கு வெளிச்சம் ஆகாது போலும்.

மேனேஜர் அங்கே நாற்காலியில் உட்கார்ந்தபடியே உயிரை விட்டவர். ஆள் போன பிறகும் அவருடைய மெயில் பெட்டியை யாரும் மூடவில்லை. வாடிக்கையாளர்கள் இன்னும் அவருக்கு எழுதிக்கொண்டிருந்தார்கள். இப்போது அந்த நாற்காலியில் இருப்பவள் இவன் தங்கை. அவர் பெட்டியை அவள் திறந்து பார்க்க நேற்று இவன்தான் அனுமதி போட்டுவிட்டுப் போனான்.

"அண்ணா, அவர் பெட்டி எனக்குத் திறக்கவே மாட்டேங்குது. எனக்கு வர்ற மெயிலை மட்டும் எனக்கு முன்னாடி யாரோ படிச்சிடறாங்க."

"வேலைக்கு வந்ததுமே உனக்கு ரசிகரா?"

அவள் சிரிக்கவில்லை. "பதிலும் போகுது. என் பேர்ல."

இவன் சர்வரைத் திறந்து பார்த்தான். அவசரத்தில் பெயர்களை இடம் மாற்றிப் போட்டிருக்கிறான். அவர் பெட்டியை இவளுக்குத் திறந்துவிடச் சொன்னால், இவள் பெட்டியை அவருக்குத் திறந்துவிட்டிருக்கிறான்.

இந்த வேலை பார்க்கிற எவனும் செய்கிற தப்புதான். அதற்காகச் செத்தவன் வந்து படிப்பானா?

"அவர் பாஸ்வேர்டு யாருக்காவது தெரியுமா?"

"பொண்டாட்டிக்கே சொல்லாத மனுஷனாம்."

அனுமதியை நீக்கினான்.

கண்ணெதிரே அது திரும்ப வந்து உட்கார்ந்தது.

மறுபடி நீக்கினான். மறுபடி வந்தது.

பக்கத்தில், தங்கையின் திரையில், புது மெயில் ஒன்று திறந்தது. எழுத்துகள் ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல், விழுந்தன.

'எனக்கு இந்த இடம் பழகிவிட்டது. எழுந்து போவதாக இல்லை.'

கீழே அவள் பெயர்.

"நான் டைப் பண்ணலண்ணா," என்று கிசுகிசுத்தாள். கைகள் இரண்டும் மடியில்தான் இருந்தன.

அதற்கு மேல் இவன் யோசிக்கவில்லை. அவள் பெட்டியையே சர்வரிலிருந்து மொத்தமாக அழித்தான். திரை வெறுமையாயிற்று. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

"எந்திரி. இந்த வேலையும் வேணாம், ஒரு எழவும் வேணாம். வீட்டுக்கு வா."

அவள் எழவில்லை.

கையைப் பிடித்து இழுத்தான். சில்லிட்டிருந்தது. இழுக்க இழுக்க, நாற்காலியோடு சேர்த்து ஆணி அடித்து வைத்தது போல் கனத்தது.

மெல்லக் கழுத்தைத் திருப்பி இவனை ஏற இறங்கப் பார்த்தாள். குரல் அவளுடையதுதான்.

"கதவைச் சாத்திட்டுப் போங்க, தம்பி."