குளத்தைச் சுற்றிய குழாய்கள்

"ஐயா, மண் லாரி வாசல்ல வந்து நிக்குது. இன்னைக்கே என் குளத்தை மூடிடுவாங்க!" என்று மூச்சிரைக்கத் துப்பறிவாளர் முன் வந்து நின்றாள் ஒரு பெண். கொல்லைக் குளத்தில் வண்ண மீன் வளர்ப்பதுதான் அவளுக்குப் பிழைப்பு.

வீட்டின் பின்சுவர் ஒரு மாதமாக ஊறிக்கொண்டிருந்தது. குளம் கசிகிறது, வீடு விழுவதற்குள் மூடு என்று அவள் அண்ணன் ஒற்றைக்காலில் நின்றார். அவர் கூரைக்கு ஓடு வேய்பவர். கொல்லையின் புது வேலியும் அவர் நட்டுக்கொடுத்ததுதான்.

மச்சினனையும் கூட்டிக்கொண்டு அவளோடு வந்த துப்பறிவாளர் குளத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். "குளம் கசிஞ்சா தண்ணி இறங்கியிருக்கணுமே? பாசிக்கோடு வரைக்கும் அப்படியே நிக்குது. நிரம்பி வழியற தண்ணிதான் எங்கேயோ வழி தப்புது. தோண்டு மாப்பிள்ளே."

"மண்வெட்டியை என்கிட்ட குடுத்துட்டு நிழல்ல நிக்கிறதுக்குப் பேர்தான் துப்பறியறதா அத்தான்?" என்று முனகியபடியே தோண்டினான் மச்சினன்.

முழங்கால் ஆழத்தில் சுட்ட மண்குழாய் ஒன்று தெரிந்தது. அதன் குறுகிய வால்முனையை அடுத்த குழாயின் அகன்ற வாய் கவ்வியிருந்தது. அதன் வாலை அதற்கடுத்தது. தோண்டத் தோண்ட அந்த வரிசை குளத்தையே அணைத்தபடி வளைந்துபோனது. எந்தக் காலத்து வேலையோ, ஒரு வேர்கூட உள்ளே நுழையவில்லை. காதை வைத்தால் உள்ளே தண்ணீர் ஓடும் சத்தம்! மச்சினன் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டான்.

"அடேயப்பா! யார் பெத்த பிள்ளைங்களோ, மகராசனுங்க!" என்றான்.

பின்சுவருக்கு அருகே, வேலிக்கால் ஒன்றின் அடியில், மூன்று குழாய்கள் மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தன. மூட்டுகளில் புது சிமெண்டு. அதையும் மீறி நீர் கசிந்து சுவரை நனைத்தது.

"இங்க மட்டும் கோட்டை விட்டுட்டாங்களே!" என்றான் மச்சினன்.

"இவ்வளவு செஞ்சவங்களா?" துப்பறிவாளர், அருகில் நின்ற அண்ணன் பக்கம் திரும்பினார். "ஓடு எப்படிங்க அடுக்குவீங்க?"

"மேல் ஓடு கீழ் ஓட்டு மேல ஏறி உக்காரணும். அப்பத்தான் மழை உள்ளே இறங்காது."

"கூரையில தண்ணி வெளியில ஓடுது, அதனால அது சரி. குழாயில தண்ணி உள்ளே ஓடுது. மேல் குழாயோட வால் கீழ்க் குழாய் வாய்க்குள்ள போகணும். இந்த மூணுல மட்டும் மேல் குழாய் கீழ்க் குழாயை மூடியிருக்கு. கை பழகினபடி வெச்சுட்டீங்க."

அண்ணன் அப்படியே குந்திவிட்டார். "வேலிக்குக் குழி தோண்டும்போது பேந்து வந்துடுச்சு. சத்தமில்லாம வெச்சு மூடிட்டேன். சுவர் நனைஞ்சதும் பயந்துட்டேன் பாப்பா. குளமே போயிட்டா யாரும் தோண்டிப் பாக்க மாட்டாங்கன்னு..."

"என் பொழைப்பையே மூடப் பாத்தியேண்ணா! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்றாள் அவள்.

 அவர் குழிக்குள் இறங்கி, சிமெண்டைத் தட்டி உடைத்து, மூன்று குழாய்களையும் தன் கையாலேயே திருப்பி வைத்தார். சிறிது நேரத்தில், குழாய் வரிசை போய் முடியும், ஒரு மாதமாகக் காய்ந்து கிடந்த தெருவோர மடைவாயில் தண்ணீர் தெள்ளத்தெளிவாகக் கொட்டியது. 

அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு லாரிக்காரரிடம் போனார்.

"மண்ணு வேணாம்பா, எடுத்துட்டுப் போ. குளத்து மேல தப்பில்ல, என் மேலதான்."