தவசிமுத்துவின் மூக்குக் கண்ணாடி

1902ஆம் ஆண்டு, தை மாதத்துச் சனிக்கிழமை. காலை மணி எட்டு இருபது. ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரப் பொட்டலில் குறிசுடும் போட்டியின் மூன்றாவது வெடி கேட்டது. கூடவே ஓர் அலறல்.

புகை விலகியபோது சேத்தூர் தவசிமுத்து மண்டியிட்டுக் கிடந்தான். துப்பாக்கி ஒரு பக்கம், மூக்குக் கண்ணாடி ஒரு பக்கம். கண்ணாடியின் இடது வட்டம் நொறுங்கிப் போயிருந்தது. இடது கண்ணைப் பொத்திய விரல்களுக்கிடையே ரத்தம் வழிந்தது.

அவனை மாட்டு வண்டியில் ஏற்றி ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அந்தக் கண்ணாடியை விற்ற பக்கீர் முகமதுவைக் கூட்டிவர அதே ஊருக்கு ஒரு கான்ஸ்டபிளும் போனான்.

பகல் மணி ஒன்று. பக்கீர் முகமது பொட்டலில் வந்து இறங்கியபோது கூட்டத்தில் ஒருவரும் அவருக்கு முகம் கொடுக்கவில்லை. இருபது வருஷமாக இவர்களுடைய மூக்குகளுக்கெல்லாம் கண்ணாடி மாட்டியவர் அவர்.

"படிகக்கல்லுன்னு சொல்லி வெறும் கண்ணாடிய வித்திருக்கீரு, ராவுத்தரே. ஒரு மனுசன் கண்ணு போச்சு" என்றார் ஏட்டு பால்துரை.

பக்கீர் முகமதுவுக்குப் புதன்கிழமை கண்முன் வந்தது. தவசிமுத்து கடைக்கு வந்தபோது துப்பாக்கி பழுது பார்க்கும் ஐயாதுரையும் துணைக்கு வந்திருந்தார். தவசிமுத்து இடது கைக்காரன். இடது தோளில் வைத்துச் சுடுகிறவன். துப்பாக்கியில் மருந்தைப் பற்றவைக்கும் கேப்பு வெடிக்கும் இடமோ வலப்பக்கம். மற்றவர்களுக்கு முகத்தை விட்டு விலகி வெடிப்பது அவனுக்கு மூக்கை ஒட்டியே வெடிக்கும். அதனால் பக்கீர் முகமது பார்த்துப் பார்த்துத்தான் எடுத்துக் கொடுத்தார். நீலக் கண்ணாடி வேண்டாம், குறி மங்கும். சாதாரணக் கண்ணாடி வேண்டாம், பொறி பட்டால் சில்லாகும். கடையில் ஒன்றே ஒன்று இருந்த படிகக்கல் கண்ணாடிதான் அவனுக்குச் சரி. ஐயாதுரைகூட அதை ஒருமுறை மாட்டிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். அவர்கள் போன பிறகு போட்டிக்காரன் சுந்தரபாண்டியம் சிவனாண்டி வந்து, அதே கல் கண்ணாடி வேண்டுமென்று கேட்டுச் சத்தம் போட்டுவிட்டுப் போனான்.

"ஒரு அரம் வேணும், ஏட்டையா."

போட்டிக்கு மேற்பார்வை ஐயாதுரைதான். தன் கருவிப் பெட்டியை ஒரு சாண் மட்டும் திறந்து, கைவிட்டுத் துழாவி அரத்தை எடுத்துக் கொடுத்தார். பக்கீர் முகமது உடைந்த சில்லில் அதை இழுத்தார். பளிச்சென்று ஒரு கீறல் விழுந்தது.

"படிகக்கல்லுன்னா அரம் வழுக்கிட்டுப் போகும். இது வெறும் கண்ணாடி."

"அப்ப ஏமாத்தினத நீரே ஒத்துக்கிடுதீரு!"

கூட்டம் முணுமுணுத்தது. பக்கீர் முகமது உடையாத வலது வட்டத்தை வெயிலுக்கு நேரே பிடித்து, செத்த நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"போட்டிக்கு முன்னால இது எங்க இருந்துச்சு?"

"கண்ணாடிக் கூட்டோட போட்டிக் கொட்டகைக்குள்ள. தவசிமுத்து காலையிலதான் புதுசா எடுத்து மாட்டுனான்."

"கொட்டகைக்குள்ள போனது யாரு?"

"வெடிமருந்து எடுக்க சிவனாண்டி. துப்பாக்கியப் பாக்க ஐயாதுரை. வேற ஆளு கிடையாது."

சிவனாண்டி முன்னால் பாய்ந்தான். "கோவப்பட்டேன், இல்லங்கல. அதுக்காக ஒருத்தன் கண்ண அவிப்பனா? என் கண்ணாடி விடிஞ்சதுலேர்ந்து என் மூக்க விட்டு எறங்கல. அம்புட்டுப் பேரும் பாத்தாவ!"

ஆமாம் என்றார்கள் நாலைந்து பேர்.

"நீங்க கண்ணாடி போடுறதுண்டா, ஐயாதுரை?"

"பழக்கமே கெடையாது, ராவுத்தரே."

பக்கீர் முகமது யாரைப் பார்த்தாலும் முதலில் மூக்கைத்தான் பார்ப்பார். இப்போதும் பார்த்தார். பிறகு ஏட்டின் பக்கம் திரும்பினார்.

"இந்த வட்டத்தப் பாருங்க, ஏட்டையா. காதுப்பக்க ஓரத்துல கரும்புள்ளி எம்புட்டு இருக்கு! பொறி பட்டுப் பட்டுப் பொரிஞ்ச புள்ளி. மூணு வெடியில இம்புட்டு விழாது. வருசக்கணக்காச் சுடுதவன் கண்ணாடி இது."

"தவசிமுத்தும் சுடுதவந்தான?"

"அவன் எடது தோள்ல வச்சுச் சுட்டா பொறி மூக்குப்பக்கம் விழும். காதோரமா விழணும்னா வலது தோள்ல வச்சுச் சுடணும். மதுரையிலேர்ந்து வார கண்ணாடிக்கெல்லாம் சட்டம் ஒரே அச்சு. கூட்டுக்குள்ள இருந்தத எடுத்துட்டு இத வச்சிருக்காவ. தவசிமுத்து எடது கண்ணால குறி பாக்கிறவன். வலது ஓரத்துப் புள்ளி அவன் கண்ணுல படல."

"யாரு மாத்துனது?"

"சிவனாண்டி கண்ணாடி அவன் மூக்குலயே இருக்கு. இன்னொருத்தரு கண்ணாடியே போடுறதில்லங்காரு. ஆனா மூக்குல ரெண்டு பக்கமும் சட்டம் அழுத்துன தழும்பு ஆழமா இருக்கு. பெட்டிய முழுசாத் திறக்கச் சொல்லுங்க, ஏட்டையா."

ஐயாதுரை பெட்டியின் மேல் கை வைத்தார். பால்துரை அந்தக் கையை விலக்கினார். எண்ணெய்த் துணிக்கு அடியில் ஒரு மூக்குக் கண்ணாடி. அதன் ஓரத்தில் அரத்தை அழுத்தி இழுத்தார் பக்கீர் முகமது. அரம் வழுக்கியது, கீறல் இல்லை.

ஐயாதுரை தரையைப் பார்த்துப் பேசினார். "பட்டறைக்குப் பின்னால தனியா நின்னு தெனம் பத்துத் துப்பாக்கி சுட்டுப் பாக்கேன். போன மாசம் பொறி தெறிச்சு இமை பொசுங்கிப்போச்சு. அவன் வருசத்துல ஒரு நாளு வந்து சுடுதான். கல்லு அவனுக்கு, கண்ணாடி எனக்கா?"

"கேட்டிருந்தா மதுரையிலேர்ந்து ஒண்ணு வரவழைச்சுக் குடுத்திருப்பேனே" என்றார் பக்கீர் முகமது. தவசிமுத்துவின் துப்பாக்கியை எடுத்து, கேப்பு மாட்டும் முனையை விரலால் தடவிப் பார்த்தார். "அவன் துப்பாக்கிய நேத்துப் பழுது பாத்தது நீங்கதான. இந்த முனை தேஞ்சா கேப்பு சிதறி மூஞ்சில தெறிக்கும். தேஞ்சிருந்தது தெரியுமா?"

ஐயாதுரை எண்ணெய்த் துணியை மடித்துப் பெட்டிக்குள் வைத்தார்.

"தெரியும்" என்றார் ஐயாதுரை.

மாலை மணி ஆறு. ஆஸ்பத்திரிக் கட்டிலில் தவசிமுத்து பாதி முகம் கட்டோடு கிடந்தான். இடது கண் இனி இல்லையென்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். காலடிச் சத்தம் கேட்டு அவன் தலையைத் திருப்பினான்.

"யாரு செஞ்சது, ராவுத்தரே? சிவனாண்டியா?"

"இல்லப்பா. ஐயாதுரை."

தவசிமுத்து நம்பவில்லை. "இருக்காது. வலி பொறுக்காமக் கத்துனப்ப என்னத் தூக்கி வண்டியில ஏத்துனது அவியதான். வண்டி வாரவரைக்கும் தலைய மடியில வச்சு, தண்ணி குடுத்து, ஒண்ணுமில்லலே, ஒண்ணுமில்லலேன்னு அழுதாவ."

பக்கீர் முகமது கட்டிலோரத்தில் உட்கார்ந்தார். அந்த அழுகையும் நிஜந்தான் என்று அவருக்குத் தோன்றியது. அதை இவனிடம் எப்படிச் சொல்வதென்றுதான் தெரியவில்லை.