ஒரு பெயருக்கு ஓர் இடம்

போட்டது எட்டு, வந்தது ஏழு. பம்மல் தோல் வியாபாரி வீட்டில் பிறந்தவனுக்கு இது ரத்தத்திலேயே ஒவ்வாத கணக்கு. சாஹில் லேப்டாப்பை இன்னும் அருகே இழுத்துக்கொண்டான். மழை பிடித்திருந்த அந்தச் சாயங்காலம், தெருவில் ஷேர் ஆட்டோக்களின் இரைச்சலும் சமையலறையில் மனைவி சோயா வெங்காயம் வதக்கும் வாசமும் ஒன்றாக வந்துகொண்டிருக்க, அவன் குடும்பத்தின் போன் பட்டியலைத் தலைகீழாக்கியிருந்தான். எண்ணைக் கொடுத்தால் பெயர் வரும் பட்டியல் அது. பெயரைக் கொடுத்தால் எண் வர வேண்டும் என்று இடம் மாற்றிப் போட்டான். சிறுசேரி ஆபீசில் தூக்கத்திலும் செய்கிற வேலை.

விடுபட்டது எது என்று பார்த்தான். மகனின் எண். வீட்டில் அக்தர் இரண்டு பேர்: பத்து வயது மகன், அப்புறம், மவுத்தாகி, அடக்கம் செய்து நான்கு வருடமான அத்தா, யாருக்கும் அழிக்க மனம் வராத எண்ணோடு. தாத்தா பெயர்தான் பேரனுக்கு. புதுப் பட்டியலில் ஒரு பெயருக்கு ஓர் இடம்தான்; பின்னால் வந்தவர் முன்னால் இருந்தவன்மேல் உட்கார்ந்துவிட்டார். இவ்வளவுதானா என்று, எண்ணுக்குப் பெயர் வரும்படி மறுபடி திருப்பிப் போட்டான். ஏழுதான் வந்தது. பழைய பட்டியலின் மேலேயே சேமித்துத் தொலைத்திருந்தான்.

"சோயா, அக்தர் டியூஷன்லேர்ந்து வந்துட்டானா?"

கரண்டிச் சத்தம் நின்றது. "உங்க அத்தாவைப் போய் பேர் சொல்றீங்களே. காதுல விழப்போவுது, ரூம்லதான் இருக்காரு."

"நம்ம புள்ளையக் கேக்கறேன்."

"எந்தப் புள்ளைங்க?" நிஜமாகவே தெரியாமல் கேட்டாள்.

ஸ்கூல் பை மாட்டும் ஆணி சுவரில் இல்லை. ஓட்டைகூட இல்லை.

மூடிய அறைக்கதவின் அடியிலிருந்து பச்சைத் தோலின் வாடையும், அதை மறைக்கப் பூசிய அத்தரும் மெல்ல ஊர்ந்து வந்தன. ஓர் இருமல். மகனின் எண்ணைத் திரும்பச் சேர்த்தால் போதும். ஆனால் எண் மனப்பாடமில்லை. பெயரைத் தட்டியே பழக்கம். எல்லா எண்ணையும் தலைக்குள் வைத்திருந்தவர் ஒருவர்தான்.

"அத்தா." மூடிய கதவைப் பார்த்துச் சொன்னான். "பேரன் நம்பர் சொல்லுங்க."

"சொன்னா நான் எங்கடா போறது?" குரல் கதவுக்கு மிக அருகில். "பத்துல ஒம்போது நம்பர் தரேன். கடைசி ஒண்ணு என்னாண்டயே இருக்கட்டும்."

செத்தும் பேரம்.

அவர் சொன்னார். அவன் அடித்தான். கடைசி இடத்தில் விரல் நின்றது. பிறகு அங்கே சைபர் முதல் ஒன்பது வரை மாற்றி மாற்றிப் பத்து எண்களையும் போட்டான். ஒவ்வொன்றுக்கும் எதிரே அக்தர். சேமித்தான்.

படிக்கட்டில் ஈரச் செருப்புகள்.

நிறைய.

மணி அடித்தது. சோயா திறந்தாள். திறந்தவள் நகரவில்லை.

படி முழுக்க நனைந்த பையன்கள். ஒரே சட்டை. ஒரே முகம். "அத்தா," என்றார்கள், ஒரே குரலில்.

அவனுக்குப் பின்னால் அறைக்கதவு திறந்தது. தோள்மீது ஒரு கை. குளிர்ந்த கை.

"பாத்து எடுத்துக்க. எடுத்தப்புறம் மாத்தித் தர மாட்டேன்."

பத்துப் பேரும் கை நீட்டினார்கள்.