தண்ணீர் குடித்துக்கொண்டே பேசிய வாத்தியார்

ஞாயிற்றுக்கிழமை என்றால் ஊரெல்லாம் ஓய்வெடுக்கும். இரும்புலியூரில் ஃபராவின் வீட்டில் மட்டும் அன்று எல்லாரும் களைத்துப்போய்க் கிடந்தார்கள்.

அம்மா சாஜிதா, வாரம் முழுக்கச் சேர்ந்த துணிகளைத் துவைத்துப் போட்டுவிட்டு, எழுந்திருக்க மனமில்லாமல் சுவரில் சாய்ந்திருந்தாள். ஃபராவுக்குப் பதினொரு வயது. காலையிலிருந்து பள்ளிக்கூட வரைபடத்தில் நதிகளை வரைந்து வரைந்து அவளுடைய விரல் நீலமாகியிருந்தது. ஆனால் எல்லாரையும்விடக் களைத்திருந்தவர், ஃபரா 'அத்தா' என்று கூப்பிடும் அவள் அப்பாதான்.

அத்தா பாட்சா, திருமுடிவாக்கத்தில் ஒரு சின்னக் கம்பெனியில் லேத் மெஷினில் வேலை செய்பவர். இரும்புத் தண்டு சுழல, 'டூல்' என்ற கூர்மையான கருவியால் அதைச் சீவிச் சீவி உருவம் கொடுப்பார். இப்போது அந்தக் கம்பெனிக்கு, பழைய லேத்துக்குப் பதிலாகப் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் மெஷின் வந்திருந்தது. அதைக் கையால் திருப்ப வேண்டாம். புரோகிராம் எழுதிக் கொடுத்தால் போதும், தானே சீவிக்கொள்ளும்.

புரோகிராம் எழுதக் கற்றுத்தரும் பாடங்களை ஒரு பயிற்சி நிலையம் வீடியோவாகப் பதிந்து, பென்டிரைவில் கொடுத்திருந்தது. திங்கட்கிழமை காலை ஃபோர்மேன் சாலமோன் சார் சோதனை வைப்பார். தேறினால் புது மெஷின். தேறாவிட்டால் பெட்டி ஒட்டும் பிரிவு. பெட்டி ஒட்டுவதும் வேலைதான், யார் இல்லையென்றார்கள்? ஆனால் பாட்சாவுக்கு மெஷின் என்றால் உயிர்.

அந்தத் திங்கட்கிழமை நாளைதான். அத்தாவோ கம்ப்யூட்டர் முன்னால் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"முடியலை சாஜிதா" என்றார். "நாளைக்கு சாலமோன் சார்கிட்ட சொல்லிடப் போறேன். எனக்கு இது வராது."

"ஏன் அப்படிச் சொல்றீங்க?"

"முதல் அஞ்சு நிமிஷம் நல்லாப் புரியுது. அப்புறம் மண்டை நின்னுடுது. மறுபடி முதல்லேர்ந்து போட்டா, மறுபடி அஞ்சு நிமிஷம்தான். செம பேஜாரா கீது. வயசாயிடுச்சு போல."

அத்தாவின் குரல் கம்மியதும் ஃபரா நிமிர்ந்து பார்த்தாள். அத்தா இப்படிப் பேசி அவள் கேட்டதே இல்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு வராதவன்கூட இவ்வளவு சோகமாக உட்கார்ந்ததில்லை.

"நானும் பார்க்கறேன், தள்ளுங்கத்தா" என்று நாற்காலியில் பாதியைப் பிடித்துக்கொண்டாள்.

திரையின் ஒரு மூலையில் வாத்தியார் சின்னதாக நின்றார். பக்கத்தில் புரோகிராம் வரிகள். கீழே, சுழலும் தண்டும் டூலும் படமாக அசைந்தன.

"இப்போ டூல் வலது பக்கம் போகுது, பாருங்க" என்றது வாத்தியாரின் குரல்.

டூல் போகவில்லை. நின்ற இடத்தில் நின்றது.

"போயிடுச்சா? இப்போ திரும்பி வருது" என்றது குரல். டூல் அப்போதுதான் வலது பக்கம் கிளம்பியது.

"பார்த்தியா?" என்றார் அத்தா. "அவரு வருதுங்கறாரு, எனக்குப் போற மாதிரி தெரியுது. கண்ணும் போச்சு, மண்டையும் போச்சு."

ஃபராவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. புரியாத இடத்தில் அவளுடைய கண் வேடிக்கை பார்க்கப் போய்விடும். வகுப்பிலும் அப்படித்தான், அதற்காகத் திட்டும் வாங்கியிருக்கிறாள். இப்போதும் கண் வாத்தியார் பக்கம் போனது. அவர் ஒரு பெரிய பாட்டிலைத் தூக்கி மடக்மடக்கென்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். பாவம், அவருக்கும் களைப்பு போலிருக்கிறது.

குடிக்கட்டும். ஆனால் குரல் நிற்கவில்லையே! அது பாட்டுக்குப் பாடம் நடத்திக்கொண்டே போனது.

"அத்தா! அத்தா!" என்று துள்ளினாள். "தண்ணி குடிச்சுக்கிட்டே இவர் எப்படிப் பேசறார்?"

"யாரு?"

"வாத்தியார்!"

பாட்சா அப்போதுதான் வாத்தியாரின் முகத்தைப் பார்த்தார். லேத்தில் நிற்பவர்கள் டூலின் நுனியை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார்கள். எடுத்தால் விரல் போய்விடும். வீட்டில் வீடியோ பார்க்கும்போதும் அவர் படத்தில் இருந்த டூலைத்தான் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அட, ஆமாம்!" என்றார்.

"குரல் முன்னாடி ஓடுது, படம் பின்னாடி வருது. உங்க மண்டை சரியாத்தான் இருக்கு அத்தா. இந்தக் கம்ப்யூட்டருக்குத்தான் ஏதோ ஆயிடுச்சு."

பென்டிரைவ் வந்த உறையில் உதவிக்கான தொலைபேசி எண் இருந்தது. ஞாயிற்றுக்கிழமையும் அழைக்கலாம் என்றும் போட்டிருந்தது.

"இதுக்கு ஏன் நீங்க போன் பண்ணலை?"

"அது கம்ப்யூட்டர் கெட்டுப்போனா பண்றதுக்கு. எனக்குப் புரியலைன்னு யார்கிட்ட போய்ச் சொல்றது?" என்றார் அத்தா, வெட்கத்தோடு.

ஃபரா எண்ணை அழுத்தினாள். ரோஹிணி என்ற அக்கா எடுத்தாள். பொழுது விடிந்ததிலிருந்து இதே வேலை போலும், குரலில் உயிரே இல்லை.

"கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்றாள், ஃபரா வாயைத் திறப்பதற்கு முன்பே.

"அக்கா, வாத்தியார் தண்ணி குடிச்சுக்கிட்டே பேசறார்."

மறுமுனையில் ரோஹிணி கலகலவென்று சிரித்தாள். "இன்னிக்கு வந்ததுலேயே தெளிவான புகார் இதுதாம்மா! வீடியோவை எங்கேர்ந்து போடறீங்க?"

"நேரா பென்டிரைவ்லேர்ந்து."

"அதான் விஷயம். குரல் லேசு, சட்டுனு வந்துடும். படம் கனம். பழைய கம்ப்யூட்டரால அதை பென்டிரைவ்லேர்ந்து அவ்வளவு வேகமா இழுக்க முடியலை. பாடத்தைக் கம்ப்யூட்டருக்குள்ள காப்பி பண்ணிட்டு, அங்கேர்ந்து போடு. சரியாயிடும்."

ஃபரா காப்பி செய்யப் பார்த்தாள். கம்ப்யூட்டர் மறுத்துவிட்டது. இடம் இல்லையாம்!

"இருந்த இடமெல்லாம் எங்கே போச்சு?" என்று உள்ளே தேடினாள். தேடியதும் கிடைத்தது. 'ஷாயிஸ்தா நிக்காஹ்.' அதன் கீழே, 'ஷாயிஸ்தா நிக்காஹ் ஒரிஜினல்.' அதற்கும் கீழே, 'நிக்காஹ் பெரிய மாமா கொடுத்தது.' கடைசியாக, 'நிக்காஹ் யாரும் தொடாதீங்க.'

ஷாயிஸ்தா, அம்மாவின் தங்கை, ஃபராவுக்குச் சாச்சி. சேலையூரில் இருக்கிறாள். சொந்தக்காரர்களில் கம்ப்யூட்டர் வைத்திருப்பது பாட்சா ஒருவர்தான். அதனால் அவள் கல்யாண வீடியோ யார் கைக்குக் கிடைத்தாலும், "உங்க கம்ப்யூட்டர்ல பத்திரமா போட்டு வைங்க" என்று கொண்டுவந்து போட்டுவிட்டுப் பிரியாணி சாப்பிட்டுப் போய்விடுவார்கள். முன்னால் ஒருவர் போட்டது பின்னால் வந்தவருக்குத் தெரியாது.

ஃபரா நான்கையும் தொடக்கத்தில், நடுவில், கடைசியில் என்று திறந்து பார்த்தாள். எல்லாவற்றிலும் அதே மாப்பிள்ளை அதே இடத்தில் தும்மினார்.

"மூணை அழிச்சிடலாமா?"

"ஐயையோ, தொடாதே!" என்று அம்மா சுவரை விட்டு எழுந்தே வந்துவிட்டாள். "ஷாயிஸ்தா கோச்சுக்குவா. என்னை வூட்டுப் படி ஏற விடமாட்டா."

சொல்லாமல் அழித்துவிடலாம். யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் பத்திரமாக இருக்கட்டும் என்று நம்பிக் கொடுத்தது அல்லவா? ஃபராவுக்கு அது சரியாகப் படவில்லை. நேராகச் சாச்சிக்கே போன் போட்டாள்.

"அழிக்கறதா?" என்று அலறினாள் சாச்சி. "என் நிக்காஹ்டீ அது!"

"ஒண்ணு அப்படியே இருக்கும் சாச்சி. நாலு வெச்சுக்க நீங்க என்ன நாலு தடவையா கல்யாணம் பண்ணிக்கிட்டீங்க? அத்தாவுக்கு நாளைக்குச் சோதனை. பாடம் உள்ளே போக இடமில்லை. ப்ளீஸ் சாச்சி."

சாச்சி சிரித்துவிட்டாள். "சோதனையா? முன்னாடியே சொல்லக் கூடாதா? அழி அழி. நான் அழகாத் தெரியறதை மட்டும் வெச்சிரு."

"எல்லாத்துலயும் ஒரே மாதிரிதான் இருக்கீங்க" என்றாள் ஃபரா. நல்லவேளை, சாச்சி அதை வேறு விதமாக எடுத்துக்கொள்ளவில்லை.

இடம் கிடைத்தது. பாடங்கள் ஆமை வேகத்தில் உள்ளே போயின. அதற்குள் சாயங்காலத் தொழுகையான மக்ரிப்புக்கு நேரமாகிவிட, அத்தா தொழுதுவிட்டு வந்தார். ஃபரா வீடியோவைப் போட்டாள்.

"இப்போ டூல் வலது பக்கம் போகுது" என்றது குரல். டூல் வலது பக்கம் போனது.

ஐந்து நிமிடம் ஆனது. பத்து நிமிடமும் ஆனது. அத்தா இமைக்கவில்லை. பாடத்தின் முடிவில் வாத்தியார் ஒரு தண்டின் படத்தைக் காட்டி, "இதுக்கு நீங்களே புரோகிராம் எழுதிப் பாருங்க" என்றார். அத்தா பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் மளமளவென்று எழுதினார். வாத்தியார் விடையைக் காட்டியபோது ஃபரா வரி வரியாக ஒப்பிட்டாள். ஒரு வரியும் பிசகவில்லை.

அத்தா சட்டென்று அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். அவருடைய கண் கலங்கியிருந்தது.

"நான் மக்காயிட்டேன்னே நெனச்சுட்டேன் கண்ணு" என்றார். "எவ்வளவு பயந்துட்டேன் தெரியுமா?"

"இனிமே சாலமோன் சார்கிட்ட வராதுன்னு சொல்லுவீங்களா?"

"எதுக்குச் சொல்றேன்? அந்த மெஷின்ல நான்தான் நிப்பேன்."

அம்மா டீயைக் கொண்டுவந்து வைத்தாள். ஃபராவுக்குக் கண்ணைச் சுழற்றிக்கொண்டு வந்தது. அத்தாவின் முகத்திலும் தூக்கம் இருந்தது. ஆனாலும் அவர் நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஃபராம்மா, அதை முதல்லேர்ந்து இன்னொரு தடவை போடு."

"ஏன் அத்தா, இன்னும் புரியலையா?"

"நல்லாப் புரியுது" என்றார் அத்தா. "அதனாலதான் கேக்கறேன்."