தாய்க் குடுவை

காலையில் எழுகிறேன். பல் துலக்குகிறேன். ஒருவருக்கு மட்டும் டீ போடுகிறேன். திலக் நகரில் ரயில் ஏறிக் கோவண்டியில் இறங்குகிறேன்.

மொட்டை மாடியில் தொட்டிகள். அவற்றில் ஸ்பைருலினா என்ற பாசி வளர்த்தோம். துணியில் வடித்து நீலச் சாயம் எடுப்போம். ஐஸ்கிரீமுக்குப் போகும். நல்ல விலை.

எல்லாத் தொட்டிக்கும் விதை ஒரே கண்ணாடிக் குடுவைதான். தாய்க் குடுவை என்போம். அதைப் பார்த்துக்கொண்டவள் என் மனைவி அனிஷா. பிப்பெட் என்ற உறிஞ்சுகுழாயின் ரப்பர் குமிழ் கிழிந்த பிறகு, வாயால் உறிஞ்சித்தான் பாசியை மாற்றுவாள்.

"சீ" என்பேன்.

"நீங்க திங்கிற வடாபாவுக்கு இது எவ்வளவோ சுத்தம்."

மழைக்காலத்தில் நுரையீரலில் தொற்று. போய்விட்டாள்.

அடக்கம் முடிந்து வேலைக்குத் திரும்பினேன். பாசி வடிக்கும் பேராச்சியக்கா கூழோடு துணியை நீட்டினாள்.

"தொட்டுப் பாரு தம்பி. காய்ச்சக்காரி வயிறு மாதிரி சுடுது."

தொட்டேன். வெளியே மழை. கூழ் சுட்டது. அனிஷாவின் வாயில் கடைசி வாரத்தில் அடித்த அதே புளித்த நாற்றம். அழுத்தினேன்.

அது திருப்பி அழுத்தியது.

நடுவே நீளமாக ஒரு முடி. இழுத்தேன். வரவில்லை. வேர் பிடித்திருந்தது.

முதலாளி பரீஹா மேடத்துக்குச் சந்தோஷம். "கலர் டபுளா வருது ஜாபெஸ். நாளைக்கே லோடு அனுப்பிடலாம்."

நாளை குழந்தைகள் இதை நக்கும். ஆனால் அனிஷாவில் மிச்சம் அந்தக் குடுவைதான்.

பேராச்சியக்கா காதருகே வந்தாள். "அவதானா தம்பி?"

"தெரியலக்கா."

"அப்ப ஊத்து."

ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தொட்டிகளில் ஊற்றினேன். வடித்து வைத்த கூழின் மேலும் ஊற்றினேன். கடைசியாகக் குடுவையில். பச்சை வெளுத்து, சளிபோலத் திரண்டது. விளிம்பில் ஒட்டியதை விரலால் வழித்தேன்.

உறிஞ்சியது.

விரலைப் பிடுங்கினேன். நகம் உள்ளே நின்றுவிட்டது.

குடுவையை உடைத்தாயிற்று. தொட்டிகள் காய்ந்துவிட்டன. நகம் இருந்த இடத்தில் மட்டும் பச்சையாக ஏதோ வளர்கிறது. வெயில் பட்டால் நுரைக்கிறது. துடைத்தால் சூடாக இருக்கிறது.

அனிஷா "இயேசப்பா" என்று சொல்லிக் கண்ணை மூடினாள் என்று மாமியார் எல்லோரிடமும் சொல்கிறார். அவர் அப்போது ஆஸ்பத்திரிக்குக் கீழே மருந்துக் கடையில் இருந்தார். அருகில் இருந்தது நான் மட்டும். ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கி, என் கழுத்தையே பார்த்துக்கொண்டு அவள் சொன்னாள்:

"கிட்ட வராதீங்க. பசிக்குது."