குத்தாத காது

மருதனார்மடம் சந்தியில் மழை கொட்டியது. நனையாமல் நிற்கத்தான் மிரியம் அந்த நகைக்கடைக்குள் ஏறினாள்... கையில் ஒரு சோடித் தோட்டோடு ஒருவன் நேரே அவளிடம் வந்தான்.

“குறை நினைக்காதையுங்கோ... இதை ஒருக்கா காதிலை வைச்சுக் காட்டுவியளோ? தங்கச்சிக்குக் கலியாணம். உங்கடை முகவெட்டுத்தான் அவளுக்கும்.”

முன்பின் தெரியாதவன்! அவள் ஈரக் கூந்தலை ஒதுக்கினாள்.

“எனக்குக் காது குத்தேல்லை.”

“ஏன், பயமோ?”

அவன் கண்களில் குறும்பு. அது அவளுக்குப் பிடித்திருந்தது. அதனாலேயே கோபமும் வந்தது.

“ஊரிலை சில சனத்தைத் தோடு போட விடாத காலம் ஒண்டு இருந்தது, தெரியுமோ? அவையளும் எங்கடை சேர்ச்சுக்கு வந்தவை. அவை போடேலாத பொன் எங்களுக்கும் வேண்டாமெண்டு எங்கடை வீட்டுப் பொம்பிளையள் கழட்டினவை. நாலு தலைமுறையாய் நாங்கள் போடுறேல்லை.”

குறும்பு வடிந்துபோனது. “தெரியாமல் கேட்டிட்டன்,” என்று தலைகுனிந்தான். அந்தக் குனிவில் அவள் மனம் வழுக்கியது... மழை விட்ட பிறகும் இருவரும் நகரவில்லை.

அவன் கோபிசங்கர். நீர்வேலியில் வாழைத்தோட்டம். அடுத்த சனிக்கிழமையும் அவளைக் காணச் சந்திக்கு வந்தான், அதற்கடுத்த சனியும். தை பிறந்தபோது அவன் தாய் பராசக்திக்கு விஷயம் தெரிந்துவிட்டது. சேர்ச்சுக்குப் போகும் வேதக்காரப் பெண் என்பதைக்கூட அவர் ஒருவாறு விழுங்கிக்கொண்டார். காதைத்தான் விழுங்க முடியவில்லை.

“மூளிக் காதோடை மணவறையிலை இருத்தேலாதாம்,” என்றான் கோபி, அவள் முகம் பாராமல். “ஒரு சின்னத் துளைதானே, மிரியம்...”

மூளி! மங்கலம் இல்லாதவளுக்கு ஊர் வைத்திருக்கும் சொல். அவன் வாயிலிருந்தா அது வரவேண்டும்?

“உங்களுக்கு அது சின்னத் துளை. எனக்கு அதுக்குள்ளாலை நாலு தலைமுறை போயிடும்.”

பஸ்ஸில் வீடு வரை அழுதாள். அவனை விடவும் முடியவில்லை, காதைக் கொடுக்கவும் முடியவில்லை.

மாதம் ஒன்று ஓடியது. ஒரு தூறல் மாலையில், புத்தூரில் அவள் வீட்டு வாசல் படலையில் வந்து நின்றான்.

“அம்மா ஓமெண்டிட்டாவோ?”

“இல்லை.”

“பிறகேன் வந்தனீங்கள்?”

“மூளியெண்ட அந்தச் சொல்லை உம்மட்டைத் தூக்கிக்கொண்டு வந்தனே, அது என்ரை பிழை. எனக்கு உம்மை விருப்பம், மிரியம். உந்தக் காதோடை, உப்பிடியே. அம்மா வராட்டிலும் நான் வந்திட்டன்.”

அவள் வீம்பெல்லாம் கண்ணீராக இறங்கியது. படலையை அகலத் திறந்தாள்.

“எனக்கும் உம்மை விருப்பம்... உள்ளை வாரும். அப்பா நிக்கிறார். இப்ப சொன்னதை அவருக்கும் சொல்லும்.”